துடைப்பதும் அழிப்பதும்

ஒன்றைக் கண்முன்னிருந்து அகற்றுவது வேறு. அதை இல்லாமலே ஆக்கிவிடுவது வேறு. இவ்வேறுபாடு பள்ளிக்கூடத்துச் சிறுவனுக்கும் தெரியும். சிலேட்டில் எழுதிய கணக்கைக் கோவை இலையால் துடைத்துவிட்டு அவன் அடுத்த கணக்கைப் போடுகிறான். துடைபட்டது பலகையே தவிர அவன் கற்ற பாடமன்று. மதரஸாவில் அலிஃப், பே எழுதிப் பழகும் குழந்தையின் நிலையும் அதுவே. எழுத்து நெஞ்சில் ஏறிய பின் பலகை வெறுமையாவதில் யாருக்கும் இழப்பில்லை. அதே சிறுவன் தகப்பனாரின் பற்றுவரவு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அடுப்பில் போட்டானாயின் வீடே அதிரும். இரண்டும் சுத்தம் செய்த செயல்கள்தாம் என்று அவன் வாதாடினால் நாம் ஒப்புக்கொள்வோமா?

கணினியில் வழங்கும் ஒரு சிறு கட்டளை இக்கேள்வியை நம்முன் வைக்கிறது. சிறியதாயினும் அது தொடும் அறம் சிறியதன்று.

கோவில்பட்டியைத் தீப்பெட்டிக்காகவும் பருத்திக்காகவும் அறிந்தவர்கள் உண்டு. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கடலைமிட்டாய்க்காக அறிந்தவர்கள் இன்னும் மிகுதி. அவ்வூரில் 1984ஆம் ஆண்டு நேஷனல் பொறியியற் கல்லூரி தொடங்கப்பட்டது. மானாவாரிக் காட்டில் கம்பும் உளுந்தும் விதைத்த குடும்பங்களுக்குப் பொறியியற் கல்வி அருகிலேயே கிடைத்தது. கணினி பயிலப் புகும் மாணவர், எந்த ஊரில் பயின்றாலும், விரைவிலேயே 'டெர்மினல்' என்னும் எழுத்துச் சாளரத்தைச் சந்திக்கிறார். அதில் படமில்லை, பொத்தானில்லை. கட்டளையைத் தட்டினால் கணினி எழுத்தாலேயே விடை கூறும். விடைகள் பெருகித் திரை நிரம்பியதும் பழைய வரிகள் மேல்விளிம்பைத் தாண்டி மறைகின்றன. மறைந்தனவே தவிர அழியவில்லை. மேலே உருட்டினால் மீண்டும் காணலாம். நெரிசல் மிகுந்து கண் சலிக்கும்போது மாணவர் 'கிளியர்' என்று தட்டுகிறார். திரை பளிச்சென்று வெறுமையாகிறது.

அப்போது மேலேறி நின்ற பழைய வரிகள் என்னவாயின? இன்றைய லினக்ஸ் கணினிகள் பலவற்றில் அவையும் போய்விடுகின்றன. இரண்டு மணி நேரம் ஓடிய நிரல் வரிவரியாகத் தந்த விடைகள் வேறு எங்கும் சேமிக்கப்படாதிருந்தால், அவை போனவை போனவையே. நாம் கேட்ட கேள்விகளின் பட்டியல் தனியே ஒரு கோப்பில் பதிந்திருக்கும். கணினி சொன்ன மறுமொழிதான் மறைந்துபோகும். மேசையைத் துடைக்கச் சொன்னதற்கு, அலமாரியையும் காலி செய்துவிட்டு நிற்கும் வேலைக்காரனை ஒத்தது இது.

இந்நிலை எப்படி ஏற்பட்டது என்பது ஆராயத்தக்கது. 1960களில் கணினியோடு உரையாடியவர்கள் டெலிடைப் என்னும் தட்டச்சுப் பொறியைப் பயன்படுத்தினர். கேள்வியும் விடையும் காகிதச் சுருளில் அடிபட்டு வரும். அங்கே துடைப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. வேண்டாதவர் காகிதத்தைக் கிழித்தெடுத்துக் குப்பையில் போடலாம், அவ்வளவே. பிறகு கண்ணாடித் திரை வந்தது. 1978இல் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனம் வெளியிட்ட விடி100 என்னும் முனையத்தில் 24 வரிகள், வரிக்கு 80 எழுத்துகள். இருபத்தைந்தாம் வரி வந்தால் முதல் வரி மேலே போகும், போனது திரும்பாது. அடுத்த ஆண்டான 1979இல் பெர்க்லி யூனிக்ஸ் வெளியீட்டில் 'கிளியர்' என்னும் கட்டளை இடம்பெற்றது. சேமித்து வைக்காத திரையில் அது திரையை மட்டுமே துடைத்தது. அழிக்க வேறெதுவும் அங்கில்லை.

பின்னர், முனையத்தைப் போலவே நடிக்கும் சாளரங்கள் கணினிக்குள் வந்தன. மேலேறிய வரிகளைச் சேர்த்துவைக்கும் வழக்கமும் அவற்றோடு வளர்ந்தது. எக்ஸ்டெர்ம் என்னும் சாளரம் 1999 ஜூனில் ஒரு புதிய குறியை ஏற்றது: மேலேறிய பழைய வரிகளை அழிக்கும் குறி அது. 2011இல் லினக்ஸ் 3.0 தன் திரையிலும் அதனை ஏற்றுக்கொண்டது. 2013இல் 'கிளியர்' கட்டளையை வழங்கும் என்கர்சஸ் தொகுப்பு அக்குறியைக் கட்டளைக்குள்ளேயே சேர்த்துவிட்டது. சொல் அப்படியே இருந்தது. அதன் செயல் பெருகிவிட்டது. முப்பதாண்டுக் காலம் துடைப்பமாக இருந்த ஒன்று, ஒரு நாள் நெருப்பாகவும் ஆயிற்று. பழைய வரிகள் நிலைக்க வேண்டுமாயின், கட்டளையோடு ஒரு சிறு கோடும் எக்ஸ் என்ற எழுத்தும் சேர்த்துத் தட்டவேண்டும் என்று பின்னர் ஏற்பாடு செய்தார்கள்.

இங்கே ஒரு சுவையான செய்தியையும் சொல்லிச் செல்லலாம். கண்ட்ரோல் விசையோடு எல் எழுத்தை அழுத்தினாலும் திரை வெறுமையாகும். பழைய வரிகள் பெரும்பாலும் பிழைத்திருக்கும். சில சாளரங்களில் கண்ணெதிரே இருந்த ஒரு பக்கம் மட்டும் போகும். சிலவற்றில் அதுவும் மேலேறிப் பத்திரமாக நிற்கும். இவ்விசைக்கூட்டு குறிக்கும் 12ஆம் எண் குறியின் பழைய பொருள் 'தாளைத் தள்ளு' என்பதே. காகிதப் பொறியில் அது அடுத்த தாளைக் கொண்டுவந்து நிறுத்தும். எழுதிய தாள் எழுதியபடியே இருக்கும். கணக்குப்பிள்ளை பேரேட்டில் பக்கம் புரட்டுவது போன்ற செயல்.

அழிப்பதற்கும் ஒரு நியாயம் உண்டு. அதனை அவமதித்தல் ஆகாது. கல்லூரிக் கூடத்திலும் கடைவீதி இணைய நிலையத்திலும் ஒரே நாற்காலியில் ஒருவர் எழுந்ததும் மற்றொருவர் அமர்கிறார். முன்னவரின் கடிதம், மதிப்பெண், மருத்துவ விவரம், சில வேளை இரகசியக் கடவுச்சொல்கூட மேலே உருட்டினால் தெரியுமானால் அது எவ்வளவு பெரிய தீங்கு! பிறர் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்பது நபிமொழியின் போதனை. இரவில் தான் செய்த பிழையை இறைவன் திரையிட்டு மறைத்திருக்க, விடிந்ததும் தானே அதனை ஊருக்குச் சொல்லித் திரிபவனையும் நபிகள் நாயகம் (ஸல்) கண்டித்துள்ளார்கள். மறைத்தல் நம் மார்க்கத்தில் பெருங்குணம். பொதுக் கணினியை விட்டு எழுபவர் தம் சுவடு முழுவதையும் அழித்துச் செல்வாராயின் அவர் செய்தது தக்க செயலே. 2023ஆம் ஆண்டில் இந்தியாவில் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தம்மைப் பற்றிய விவரங்களை அழிக்கக் கோரும் உரிமையைக் குடிமக்களுக்கு வகுத்திருப்பதும் இவ்வழியில்தான்.

எனினும், எழுதப்பட்டவை யாவும் எழுதியவனின் சொத்தாகிவிடுமா? இவ்விடத்தில் கணினியை விட்டுக் கரிசல் காட்டுக்குச் செல்வோம். ஏனெனில், எழுதி வைப்பதன் அருமையையும் கொடுமையையும் ஒருங்கே அறிந்த மண் அது.

வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைப்பவர்க்கு விதையும் உரமும் கடனில் வரும். விளைச்சல் கண்டபின் கடன் தீரும். மழை பொய்த்தால் தீராது. கடனின் சான்று புரோநோட்டு. 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின்படி, புரோநோட்டுக் கடனுக்கு மூன்றாண்டுகளுக்குள் வழக்குத் தொடுத்தாக வேண்டும். இடையில் வட்டியோ அசலோ ஒரு பகுதி செலுத்திக் கையெழுத்திட்டாலன்றி, அதன்பின் நீதிமன்றக் கதவு திறவாது. 'நோட்டு காலாவதியாகிவிட்டது' என்பர். மூன்றாண்டு கழிந்த மறுநாள் காலையில், வாங்கிய கடன் வாங்காத கடனாகிவிடுமா? நீதிமன்றம் தன் திரையைத் துடைத்துக்கொண்டது. அதற்கு அதன் நிர்வாக நியாயம் இருக்கலாம். மார்க்கத்தின் கண்ணில் அக்கடன் மூன்றாண்டில் கரைந்துபோவதில்லை. ஜனாஸா தொழுகைக்குமுன் நபிகள் நாயகம் (ஸல்), இறந்தவருக்குக் கடன் உண்டா என்று வினவியதும், கடன் உண்டென்று அறிந்து தயங்கி நின்றபோது அபூகதாதா (ரலி) அதனைத் தம்மேல் ஏற்றுக்கொண்டதும் நாம் அறிந்த வரலாறு. இன்றும் நம் மையத்துகளின் முன்னே, இவருக்குக் கொடுக்க வேண்டியது யாருக்கேனும் இருப்பின் வாரிசுகளிடம் கேளுங்கள் என்று அறிவிக்கிறோமே, அந்த அறிவிப்பின் பொருள் என்ன? உடல் கண்முன்னிருந்து அகலப்போகிறது, கணக்கு அகலவில்லை என்பதுதானே?

அவ்வேளையில் தகப்பனாரின் கணக்கு நோட்டு மகன் கையில் இருக்கிறது; இன்றைய நிலையில், அவருடைய கைப்பேசியும் கணினியும் அவன் கையில் இருக்கின்றன. அவற்றிலுள்ள அந்தரங்கங்களை மூடி மறைப்பது அவன் கடமை. ஆனால், யாருக்கோ தர வேண்டிய எண்ணாயிரம் ரூபாய்க்கான ஒரு வரியும் அங்கே கிடக்கலாம். அந்த வரி தகப்பனாரின் கையெழுத்தில் இருந்தாலும், கொடுத்தவரின் ஹக்கு. மகன் துக்கத்தின் பெயராலோ தூய்மையின் பெயராலோ எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் அழித்துவிடுவானாயின், அவன் தகப்பனாரின் மானத்தைக் காத்தவனாக மாட்டான். அவரைக் கடனோடு கபுரில் விட்டவனாவான்.

திருக்குர்ஆனின் பகரா அத்தியாயத்தில் 280ஆம் வசனம், கடன்பட்டவன் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை பொறுக்கவும், அதனினும் மேலாகக் கடனையே விட்டுக்கொடுக்கவும் தூண்டுகிறது. ஒரு வசனம் தள்ளி 282ஆம் வசனம். குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் அது. தவணைக் கடனை எழுதி வையுங்கள், எழுதுபவர் நேர்மையாக எழுதட்டும், சாட்சிகளை வையுங்கள், தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிப்படையாதீர்கள் என்று அது விரிகிறது. வாசகத்தைச் சொல்லி எழுதவைக்க வேண்டியவன் கடன்பட்டவனே என்றும் விதிக்கிறது. மன்னிக்கச் சொன்ன அதே மறை, எழுதவும் சொல்கிறது; அதுவும் அடுத்தடுத்து. இவ்வண்டை வாசத்தை எண்ணும்தோறும் நமக்கு வியப்பு மிகுகிறது. மன்னிப்பும் பதிவும் பகைமை கொண்டவை என்று நாம் வழக்கமாக எண்ணுகிறோம். கிழித்தெறிந்தால்தான் பெருந்தன்மை என்பது திரைப்படக் காட்சிகள் நமக்குக் கற்பித்த பாடம்.

உண்மை நிலை வேறு. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு, கூட்டுறவு வங்கிகளில் 16 இலட்சத்து 43 ஆயிரம் விவசாயிகள் பெற்றிருந்த 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. அத்தகைய தள்ளுபடிக்கு முதல் தேவை எது? பட்டியல். யார், எவ்வளவு, எப்போது என்ற பதிவு இல்லாமல் எவர் கடனைத் தள்ளுவது? தள்ளியபின்பும் பதிவின் வேலை முடிந்துவிடுவதில்லை. கடன் இல்லை என்ற சான்று விவசாயியின் கையில் இருக்க வேண்டும். இல்லாவிடில், நாளை வேறோர் அலுவலர் வந்து பழைய பாக்கியைக் கேட்கும்போது, மன்னிக்கப்பட்டதற்கு என்ன ஆதாரம் காட்டுவார்? பதிவை அழித்தால் கடன் மட்டும் அழிவதில்லை, மன்னிப்பும் சேர்ந்து அழிகிறது. பழைய வரிகள் கடன் கொடுத்தவனுக்கு மட்டுமே வேண்டியவை என்று எண்ணுவோர் இதனைக் கருத வேண்டும். மன்னிக்கப்பட்டவனுக்கே அவை அதிகம் வேண்டும்.

நிலம் வாங்குவோர்க்கும் இது தெரியும். பட்டா, நிலம் இன்று யார் பெயரில் இருக்கிறது என்பதைக் காட்டும். அதை மட்டும் பார்த்துப் பணத்தைக் கொடுப்பவனைக் கரிசல் காட்டில் யாரும் புத்திசாலி என்று சொல்லமாட்டார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பார்கள். முன்னொரு காலத்தில் அந்நிலம் அடமானம் வைக்கப்பட்டிருந்தால் அந்த வரி அங்கே இருக்கும். கடன் தீர்ந்தபோது அவ்வரியை அடிப்பதில்லை. தீர்ந்தது என்று வேறொரு வரி பின்னால் ஏறும். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் நிலம் சுத்தமானது என்று துணியலாம். வில்லங்கத்தில் சுத்தம் என்பது வெறுமை அன்று, நிறைவு.

அந்த மண்ணின் இயல்பும் ஏறத்தாழ இதுவே. கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடிக்கிறது. மேல்மண் வெடிப்புகளுக்குள் சரிகிறது. மழை வந்ததும் மண் பூரித்து வெடிப்பு மூடிக்கொள்கிறது. மேலே இருந்தது கீழே போயிற்று, அவ்வளவே. வெளியூரார் வறட்சியைக் காணும் இடத்தில் உழவர் ஓரடி தோண்டிக் கையில் எடுத்து ஈரம் பார்க்கிறார்.

கோவில்பட்டிக்குக் கிழக்கே உள்ள எட்டயபுரத்தில் உமறுப் புலவர் அடங்கியிருக்கிறார். அவருடைய சீறாப்புராணம் ஓலையில் எழுதப்பட்டது. எழுத்தாணி கீறியதை அழிக்க வழியில்லை. பிழை நேர்ந்தால் அதன்மேல் கோடிட்டுவிட்டுத் தொடர்வதே ஏடெழுதுவோர் மரபு. நல்ல கணக்குப்பிள்ளையும் சிட்டையில் தவறிய தொகையைச் சுரண்டமாட்டார். அடியில் உள்ளது படிக்கும்படி ஒற்றைக் கோடு இழுத்து, சரியான தொகையைப் பக்கத்தில் எழுதுவார். சுரண்டிய தழும்பைப் பார்த்தால் தணிக்கையாளருக்கு முதலில் எழுவது ஐயம்தான். நம் சந்தைகளில் எல்லாச் சமயத்தாரும் வழங்கும் பாக்கி, வசூல், ரத்து, பைசல் ஆகிய சொற்கள் அரபு மூலத்தவை என்பதையும் இங்கு நினைவுகூரலாம். பாக்கி என்றால் எஞ்சி நிற்பது.

அப்படியானால் அழிக்கும் அதிகாரம் யாருக்கு? ரஅது அத்தியாயத்தின் 39ஆம் வசனம், நாடியதை அழிப்பதும் நாடியதை நிலைக்கவைப்பதும் அல்லாஹ்வின் செயல் என்று கூறி, மூலப் பதிவு அவனிடமே இருக்கிறது என்றும் சேர்த்துச் சொல்கிறது. இதன் விளக்கத்தில் அறிஞர்களின் கருத்துகள் பலவாயினும், ஒன்றைத் துணிந்து கூறலாம்: முழு அழிப்பு உடையவனின் உரிமை. நமக்குச் சொந்தமானது எதுவோ அதை நாம் அழிக்கலாம். நம்மிடம் அமானிதமாக இருப்பதை மறைக்கலாம், மூடலாம், தக்க இடத்தில் ஒப்படைக்கலாம். அழிக்க நமக்கு உரிமையில்லை. கூட்டாகச் செய்த ஆய்வின் விடைகள் திரையில் இருக்கையில் ஒருவர் மட்டும் 'கிளியர்' தட்டுவது, பங்காளிகளைக் கேளாமல் பத்திரத்தைக் கொளுத்துவதற்கு ஒப்பாகும்.

நம் குறை அக்கட்டளையை எழுதியவர்கள்மேல் இல்லை. அவர்கள் நல்ல நோக்கத்தில்தான் சேர்த்திருப்பார்கள். ஆயினும் வரிசை தலைகீழாகிவிட்டது என்பது நம் எண்ணம். காக்க விரும்புபவர் கூடுதலாக ஒரு எழுத்தைத் தட்ட வேண்டியிருக்கிறது. அழிக்க விரும்புபவருக்கு அந்தச் சிரமமும் இல்லை. விரல்களோ பழக்கத்தின் அடிமைகள். பத்தாண்டுகள் ஒரு சொல்லைத் தட்டிய விரல், அச்சொல்லின் பொருள் மாறியதைக் கேட்டறிந்து நின்று யோசிப்பதில்லை. வாட்ஸ்அப் செயலி இவ்வகையில் மேலானது. 2017 முதல் அதில் 'எனக்கு மட்டும் அழி', 'எல்லோருக்கும் அழி' என்று இரண்டு வழிகள் தனித்தனியே உள்ளன. எல்லோருக்கும் அழித்தபின்னும், இங்கொரு செய்தி அழிக்கப்பட்டது என்ற குறிப்பு அவ்விடத்தில் நிற்கும். நம் வீட்டுப் பெண்மணிகளும் பெரியவர்களும்கூட இந்த வேறுபாட்டைப் பயிற்சியின்றியே புரிந்துகொண்டார்கள். மாணவருக்கான சாளரத்தில் மட்டும் அந்தக் கேள்வி எழுப்பப்படுவதில்லை.

காப்பவர் இல்லாத பழைய வரிகளுக்கு என்ன நேரும் என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. லினக்ஸின் சாளரமற்ற திரையிலும் மேலே உருட்டிப் பார்க்கும் வசதி நெடுங்காலம் இருந்தது. அந்தப் பகுதியைப் பராமரிக்க ஆளில்லாமற்போய், பழுதுகளும் சேர்ந்தமையால், 2020இல் அவ்வசதியையே நீக்கிவிட்டார்கள்.

கணினி பயிலும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது சிறிதே. திரை மட்டும் துடைய வேண்டுமானால் கண்ட்ரோலும் எல்லும் அழுத்தலாம், அல்லது எக்ஸ் சேர்த்துக் 'கிளியர்' தட்டலாம். பிறருக்கும் வேண்டிய விடைகளாயின் திரையை நம்பியே இருக்காமல், 'ஸ்கிரிப்ட்' என்னும் கட்டளையால் உரையாடல் முழுவதையும் தொடக்கத்திலிருந்தே ஒரு கோப்பில் பதியலாம். பொதுக் கணினியை விட்டு எழும்போது தம்முடையதை முற்றிலும் அழிக்கலாம். ஆனால் அழிக்கிறோம் என்று அறிந்தே அழிக்க வேண்டும்.

கடன் தீர்ந்த நாளில் புரோநோட்டைச் சுக்குநூறாகக் கிழிப்பவர்களும் உண்டு. வேறு சிலர், ரெவின்யூ ஸ்டாம்புமேல் உள்ள கையெழுத்தைக் குறுக்கே அடித்து, பின்புறத்தில் 'பைசல்' என்று தேதியோடு எழுதி, கடன் கொடுத்தவரிடம் கையொப்பம் பெற்று, டிரங்குப் பெட்டியின் அடியில் வைப்பார்கள். பேரன் கல்லூரிக்கு விண்ணப்பிக்கச் சான்றிதழ் தேடி அப்பெட்டியைக் குடையும்போது, அந்தத் தாள் கையில் தட்டுப்படும்.